ஊரடங்கா, அண்டை வீடா?

1964 ஜூலை 21 அன்று சிங்கப்பூரில் மீலாது ஊர்வலத்தின்போது சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே மூண்ட இனக்கலவரத்தில் 23 பேர் உயிரிழந்தார்கள். மனிதனுக்குள் இருக்கும் அந்த வெறியை எது அடக்கும்: சட்டமா, பழக்கமா?

அன்றிரவே போட்ட ஊரடங்கு ஆகஸ்ட் 2 வரை நீடித்தது. சரி, ஊர் அடங்கியது. ஆனால் செப்டம்பரில் மறுபடியும் வெட்டுக்குத்து, 13 பேர் பலி. பயம் விலகியதும் வெறி திரும்பிவிட்டது.

பழக்கம் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனாலும் அதே நாட்களில் கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகளில் சீனரும் மலாய்க்காரரும் ஒருவரையொருவர் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். எந்த உத்தரவும் செய்ய முடியாத காரியம் அது! 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் இன விகிதம் வைத்திருப்பதும் இந்தப் பழக்கத்துக்காகத்தான். பெருநாளன்று எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) குவே பலகாரத் தட்டோடு வந்து கதவைத் தட்டுகிறார், தீபாவளிக்கு நம் முறுக்கு அங்கே போகிறது. நான் பழக்கத்தின் பக்கம். கும்பல் கட்டையைத் தூக்கிவிட்ட இரவுக்கு மட்டும் போலீஸ் வேண்டும்.