பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்: டீசலுக்கு மாறுவதா, பெட்ரோலையே தேற்றுவதா?

“அண்ணே, ஜிப்ஸி நீலப் புகையா தள்ளுது, டீசல் என்ஜின் வச்சிடலாமா?” என்று காசிமேட்டுத் தம்பி கேட்டான்.

செலவு: பெட்ரோல் என்றால் சிலிண்டரைக் கடையும் போரிங், புது பிஸ்டன், ரிங்கோடு பெரும்பாலும் முடியும். டீசலில் என்ஜின் விலை வெறும் ஆரம்பம். அப்புறம் என்ஜினைத் தாங்கும் மவுண்ட் வெல்டிங், கியர்பாக்ஸோடு பொருத்த லேத்தில் கடைந்த தட்டு, பெரிய ரேடியேட்டர். கனம் கூடுவதால் முன்பக்க ஸ்பிரிங் பட்டையையும் பார்க்கணும்.

இழுவை: 1298 சிசி பெட்ரோல் என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் இழுக்கும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர, மெதுவாகச் சுற்றும்போதே இழுக்கும் டீசலே சுகம்.

மழை: கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீர் ஏர் ஃபில்டருக்குள் போனால் இரண்டுமே காலி.

காகிதம்: என்ஜின் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். ஆர்.டி.ஓ. ஒப்புதல், ஆர்.சி.யில் பதிவு இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம்.

தினமும் நெடுந்தூரம், ஒப்புதலும் கையில் என்றால் டீசல். தம்பி ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பவன். ரிங் மாற்றச் சொல்லிவிட்டேன்.