துருஃப்ளேயின் 'உபி காரிதாஸ்' இசைப்பிரதி
பெரிய வியாழன் திருப்பலிக்காக இலங்கையின் மலையகத்திலுள்ள ஹற்றனில் எங்கள் பாடகர் குழு, பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் துருஃப்ளே 1960இல் இயற்றிய நான்கு இலத்தீன் பாடல்களின் இசைப்பிரதியை வாங்கியது. அவற்றுள் முதலாவதான 'உபி காரிதாஸ்', "அன்பும் நேயமும் எங்குளவோ அங்கே இறைவன் இருக்கிறார்" என்னும் பழைய கிரகோரியன் (திருச்சபையின் மரபான ஒற்றைக்குரல் வழிபாட்டிசை) மெட்டை, உயர்ந்த பெண்குரல்களான சோப்ரானோக்களை மௌனமாக நிறுத்தி, தாழ்ந்த பெண்குரல்களிடம் முதலில் ஒப்படைக்கிறது. அந்தத் தொடக்கத்துக்காகவே இப்பிரதியை வாங்கலாம். தாள அளவு அடிக்கடி மாறுவதால், எண்ணிப் பாடுவதைவிடச் சொல்லின் ஓட்டத்தைப் பின்பற்றுவதே எங்கள் தோட்டத்து இளையோருக்கு எளிதாயிற்று. பக்கவாத்தியம் தேவையில்லை என்பது ஓர்கன் இல்லாத சிற்றாலயங்களுக்குப் பெரும் வசதி. ஆயினும் துருஃப்ளே முதல் சரணத்தோடு முடித்துவிடுவதால், பாதம் கழுவும் சடங்கு நீளும் ஆலயங்களுக்கு, பிரான்சிலுள்ள தெசே என்னும் கிறிஸ்தவத் துறவறக் குழுமத்துக்காக ஜாக் பெர்த்தியே அமைத்த, திரும்பத் திரும்பப் பாடத்தக்க எளிய வடிவத்தையே பரிந்துரைப்பேன்.