கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்: சுவத்துல இருக்கறவங்களும் இல்லாதவங்களும்

பேஸ்பால்ல பெரிய ஆளுங்கள தேர்ந்தெடுத்து சுவத்துல தகடு மாட்டி கௌரவிக்கற இடம்தான் இந்த ஹால் ஆஃப் ஃபேம். ரொம்ப நாளா போகணும்னு நெனச்ச இடம், இப்பதான் மச்சானோட போய்ட்டு வந்தேன். நியூயார்க் மாநிலத்துல ஏரிக்கரையோரம் இருக்கற சின்ன ஊர் கூப்பர்ஸ்டவுன், நியூயார்க் சிட்டியிலருந்து கார்ல நாலு மணி நேரம் வெச்சுக்கோங்க, மச்சான் வழி பூரா ஒரே பாட்டுதான், 4256 ஹிட் (பந்த அடிச்சு பேஸ் சேர்றது) அடிச்ச பீட் ரோஸ் இல்லாம அது என்னய்யா ஹால் ஆஃப் ஃபேம்னு. நான் ஊக்கமருந்து பேச்சுல மாட்டின பாரி பாண்ட்ஸ் கட்சி. ரெண்டு பேருக்குமே அங்க தகடு கிடையாது, ஆனா ரெண்டு பேர் சம்பந்தப்பட்ட பொருளும் மியூசியத்துக்குள்ள இருக்கு.

முதல்லயே சொல்லிடறேன், இடம் அருமை, கண்ண மூடிட்டு போகலாம். 1939-ல திறந்தது. மியூசியம் தனி, வெண்கலத் தகடு மாட்டிருக்கற கேலரி தனி. மியூசியம் நடந்தத எல்லாம் காட்டும், கேலரில தேர்வானவங்க மட்டும்தான், 350 பேருக்கு மேல. உள்ள போனதும் சத்தமா பேசிட்டு வந்தவங்க கூட குரல தாழ்த்திடறாங்க, கோயில் பிரகாரத்துல சுத்தற மாதிரி ஒவ்வொரு தகடா நின்னு படிக்கறாங்க. நாங்க அங்க மட்டும் ரெண்டு மணி நேரம் நின்னுருக்கோம்.

ரெண்டு தகட்டுக்கு முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னேன். ஒண்ணு ராபர்டோ கிளமென்டே. 1972 டிசம்பர் 31-ந்தேதி நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டு போகும்போது விமானம் விழுந்து இறந்தவர், சரியா 3000 ஹிட். ஆட்டத்த விட்டு அஞ்சு வருஷம் காத்திருக்கணும்ங்கற விதிய அவருக்காக தள்ளி வெச்சு 1973-லயே தேர்ந்தெடுத்தாங்க. ஆனா தகட்டுல அம்மா வழிப் பேர நடுவுல போட்டு மாத்தி எழுதிட்டாங்க, 2000-லதான் சரி பண்ணி புதுசா வார்த்து மாட்டினாங்க. இங்க ஒவ்வொரு ஃபார்ம்லயும் அப்பா பேர எந்த கட்டத்துல போடறதுன்னு முழிக்கற நமக்கு அந்த 27 வருஷம் நல்லாவே புரியும்.

இன்னொண்ணு ஜாக்கி ராபின்சன். 1962-ல மாட்டின தகட்டுல அவர் ஆட்டத்த பத்தி மட்டும்தான் இருந்துச்சு, அவரே அப்படித்தான் வேணும்னு கேட்டுக்கிட்டாராம். கறுப்பின வீரர்களுக்கு அடைச்சு வெச்சிருந்த கதவ 1947-ல தொறந்தாரேங்கறது அதுல ஒரு வரி கூட இல்ல. 2008-ல மறுபடி வார்த்து அத சேர்த்தாங்க. அதாவது வெண்கலத்துல எழுதினதா இருந்தாலும் உண்மைய சேர்க்கணும்னு நெனச்சா சேர்க்கலாம்! பாண்ட்ஸ் விஷயத்துல நான் கேக்கறதும் இதத்தான்.

பாண்ட்ஸுக்கு 762 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), ஏழு எம்விபி (அந்த வருஷத்து சிறந்த வீரர் விருது). ஊக்கமருந்து பேச்செல்லாம் பெருசாகறதுக்கு முன்னாடியே, 1998 முடியறப்பவே 400 ஹோம் ரன்னும் 400 ஸ்டீலும் (பந்து போடறப்பவே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிக்கறது) தாண்டின முதல் ஆள், கையில மூணு எம்விபி. தேர்வாக பேஸ்பால் எழுத்தாளர்கள் ஓட்டுல 75 சதவீதம் வேணும், பத்தாவது கடைசி வருஷமான 2022-ல அவருக்கு கிடைச்சது 66. அந்த காலத்துல லீக்க நடத்தின கமிஷனர் பட் செலிக்குக்கு 2017-லயே தகடு மாட்டியாச்சு, பரிசோதனையும் தண்டனையும் இல்லாம அத்தன வருஷம் விட்டவருக்கு இடம் இருக்கு, அதுல ஆடினவருக்கு இல்லங்கறது எனக்கு எந்த கணக்குலயும் ஒத்து வரல. தகட்ட மாட்டுங்க, மருந்து விவகாரத்தையும் அதுலயே எழுதுங்க, படிக்கறவங்க முடிவு பண்ணட்டும்.

ரோஸ் கேஸ் வேற, இதுல மச்சானோட எனக்கு ஒத்தே போகல. சூதாட்டத் தடை எல்லா டீம் ரூம் சுவத்துலயும் ஒட்டிருக்கற விதி. தன் டீமையே நடத்திக்கிட்டு ஆட்டத்து மேல பந்தயம் கட்டினாரு, 1989-ல தடை, அப்புறம் 2004-லதான் ஒத்துக்கிட்டாரு. கிரிக்கெட்ல சூதாட்டம்னு செய்தி வந்தப்ப நமக்கெல்லாம் எப்படி வயிறு எரிஞ்சுது, முன்ன பாத்த மேட்ச் எல்லாம் நெசமா பொய்யான்னு தோணுச்சே. 2024-ல அவர் இறந்தாரு, அடுத்த வருஷம் தடைய எடுத்துட்டாங்க, 2027 டிசம்பர்ல, எழுத்தாளர் ஓட்டுல தேர்வாகாதவங்கள பாக்கற கமிட்டி முன்னாடி வரலாம். மச்சானுக்கு அதுல பெரிய நம்பிக்கை. நான் அதுல இருந்தா ஓட்டு போட மாட்டேன்.

ஓட்டு முறையிலதான் எனக்கு நெஜமான கோவம். 1936-ல முதல் ஓட்டுல 226 பேர்ல 11 பேர் பேப் ரூத்துக்கே போடல! நூத்துக்கு நூறுன்னு ஒருத்தர் வர 2019 ஆச்சு, மரியானோ ரிவேரா. ஜீட்டருக்கும் இச்சிரோவுக்கும் ஒவ்வொரு ஓட்டு குறைஞ்சுது, யாரு போடலன்னு இன்னைக்கு வரைக்கும் வெளிய வரல. எழுத்தாளர் சங்கமே எல்லா ஓட்டையும் வெளியிடலாம்னு 2016-ல முடிவு பண்ணுச்சு, ஹால்தான் ஒத்துக்கல. இப்படி மூடி மூடி வெக்கறதாலதான் லூ விட்டேக்கர் மாதிரி ஆளு 2001-ல முதல் வருஷமே 2.9 சதவீதத்தோட பட்டியல விட்டு போனாரு, அவர் கூட 19 சீசன் தோளோட தோள் நின்னு டபுள் ப்ளே (ஒரே பந்துல ரெண்டு பேர அவுட் ஆக்கறது) ஆடின ட்ராமெல் 2018-ல உள்ள வந்துட்டாரு. எழுத்தாளர்கள்கிட்ட 6.1 சதவீதத்துக்கு மேல போகாத ஹெரால்ட் பெய்ன்ஸ கமிட்டி உள்ள கொண்டு வந்துச்சு, அவர் மேல எனக்கு ஒண்ணும் இல்ல, விட்டேக்கருக்கு மட்டும் ஏன் அப்படி நடக்கல?

அதவிட மனசு கஷ்டம், செத்தப்புறம் குடுக்கறது. ரான் சான்டோ இறந்து ஒரு வருஷம் கழிச்சு தேர்வு. டிக் ஆலனுக்கு 2014-ல ஒரே ஒரு ஓட்டுல போச்சு, 2020-ல இறந்தாரு, 2021-ல மறுபடியும் ஒரே ஒரு ஓட்டுல போச்சு, 2024-லதான் கிடைச்சுது.

போறவங்களுக்கு: ஜூலை கடைசில விழா நடக்கும், கூட்டம் ஜாஸ்தி, விழா பாக்க இல்லன்னா வேற வாரம் போங்க. ஒரு நாள் பத்தாது. கேலரிய முதல்ல பாக்காதீங்க, மியூசியத்த சுத்திட்டு வந்து பாத்தாதான் யாரு இல்லன்னு உறைக்கும்.

கெளம்பற நேரத்துல கறுப்பின வீரர்களுக்குன்னு தனியா இருந்த நீக்ரோ லீக்ல ஆடின பக் ஓ'நீல் சிலைகிட்ட நின்னோம். 2006-ல நீக்ரோ லீக் காலத்து ஆளுங்க 17 பேர் தேர்வானாங்க, அவருக்கு ஒரு ஓட்டு குறைஞ்சுதுன்னு சொல்றாங்க. கோவிச்சுக்காம 94 வயசுல மேடை ஏறி அந்த 17 பேருக்காக பேசினாரு, எல்லாரையும் கை கோக்க வெச்சு பாட வெச்சாரு, ரெண்டு மாசத்துல இறந்துட்டாரு. தகடு மாட்டினது 2022-ல. மச்சான் சிலை கைய தொட்டுட்டு அப்படியே நின்னாரு, ரோஸ் பேச்ச எடுக்கவே இல்ல, கார் ஏறி ஊர தாண்டினப்புறம்தான் "இருந்தாலும் 4256"ன்னு மறுபடி ஆரம்பிச்சாரு.