ஒரு வருஷமா தினமும் என் டெய்லி ரொட்டீனை இங்கிலீஷ்ல பேசிப் பாத்த அனுபவம்

இங்கிலீஷ் பேசக் கத்துக்கணும்னு யார்கிட்ட போய் கேட்டாலும் முதல்ல சொல்றது இதான், காலைல எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன பண்றீங்கன்னு இங்கிலீஷ்ல சொல்லிப் பழகுங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். தினம் ராத்திரி போன்ல வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணி 2 நிமிஷம் பேசுவேன், அவ்ளோதான். நடுவுல ரெண்டு மூணு வாரம் டிமிக்கி குடுத்ததையும் சேத்தா ஒரு வருஷம் ஆச்சு.

முதல் மாச ரெக்கார்டிங்கை இப்ப கேட்டா எனக்கே சிரிப்பு வருது. "ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ், ஐ வில் பிரஷ், ஐ வில் கோ டு ஆபீஸ்"னு வரிக்கு வரி வில்லு, ஏதோ நாளைக்குப் போட்ட பிளானைச் சொல்ற மாதிரி. இது ஏன் வருதுன்னு ரொம்ப நாள் புரியல. அப்புறம்தான் பிடிபட்டுச்சு, தமிழ்ல பழக்கத்தைச் சொல்றப்போ "ஆறு மணிக்கு எழுந்திருப்பேன், ஒன்பது மணிக்குக் கிளம்புவேன்"னு எதிர்காலத்துலதானே சொல்றோம், அதை அப்படியே தூக்கிட்டுப் போனா வில்லும் கூடவே வந்து உக்காந்துக்குது. இங்கிலீஷ்ல தினமும் நடக்கிறதுன்னா சிம்பிள் பிரசன்ட், வெறும் "ஐ கெட் அப் அட் சிக்ஸ்". எந்த கிளாஸ்லயும் எனக்கு இதை யாரும் சொல்லல, சொல்லியிருந்தா மூணு மாசம் மிச்சம்.

வில்லை விரட்டினா "ஐ ஆம் கெட்டிங் அப்" வந்து நின்னுச்சு. அது இப்ப நடந்துட்டு இருக்கிறதுக்கு, எழுந்துக்கிட்டே யாரு பேசப் போறா! அப்புறம் "ஐ யூஸ் டு கெட் அப்"னு கொஞ்ச நாள் ஸ்டைலா சொல்லிட்டுத் திரிஞ்சேன், யூஸ்ட் டு-ங்கிறது முன்னாடி செஞ்சு இப்ப விட்டுட்ட பழக்கத்துக்குன்னு தெரிஞ்சதும் அதையும் விட்டாச்சு.

சின்ன வார்த்தைங்கதான் உயிரை வாங்கும். இன் த மார்னிங், ஆனா அட் நைட். கோ டு ஒர்க் சரி, கோ டு பெட் சரி, ஆனா வீட்டுக்குப் போறது மட்டும் கோ ஹோம், நடுவுல டு கிடையாது. இதுக்கெல்லாம் காரணம் தேடாம வாய்ப்பாடு மாதிரி சொல்லிச் சொல்லித்தான் எனக்கு வந்துச்சு.

இதுல பெரிய மைனஸ் ஒண்ணு இருக்கு. மூணாவது மாசத்துல எல்லாம் மனப்பாடம் ஆகிடும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனா ஒருத்தர் சும்மா "வாட் டைம் டு யூ யூஷுவலி ஃபினிஷ் ஒர்க்?"னு கேட்டப்போ முழிச்சேன், ஏன்னா நான் பதில் மட்டும்தான் பழகியிருந்தேன், கேள்வி என் காதுலயே விழுந்ததில்ல. அதுலேர்ந்து நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்ல ஆரம்பிச்சேன், வெளில பாக்கிறவங்களுக்குப் பைத்தியம் மாதிரி தெரியும், பரவால்ல.

அதே ரொட்டீனை "நேத்து"ன்னு மாத்திச் சொன்னதுதான் ரொம்ப உதவுச்சு. கெட், கோ, ஈட், டிரிங்க், ஸ்லீப், நாள்பூரா நாம செய்ற வேலைக்கான வெர்ப் நிறைய, நடந்து முடிஞ்சதைச் சொல்ல கடைசில ஈடி (-ed) சேராத ரகம், காட், வென்ட், ஏட்னு ஒவ்வொண்ணும் ஒரு தினுசா மாறும். டேபிள் போட்டுப் படிச்சப்போ ஏறாதது இதுல தானா ஏறிடுச்சு.

ஹி, ஷின்னு அடுத்தவங்களைப் பத்திச் சொல்றதுலதான் இன்னும் தடுமாற்றம், வெர்ப் கடைசில ஒரு எஸ் சேக்கணும். ஒர்க்ஸ்-ல கடைசில ஸ், கோஸ்-ல அதே எழுத்து ஸ்ஸுன்னு இல்லாம அதிர்ந்து வருது, வாஷ் வாஷஸ்னு ஒரு அசை கூடுது, அதையும் பழகிட்டு வந்தா டஸ் போட்டுக் கேக்கிறப்போ அந்த எஸ்ஸைக் கழட்டிடணுமாம். வேகமாப் பேசினா நேத்து ரெக்கார்டிங்ல கூட "ஹி டஸன்ட்"டுக்குப் பதிலா "ஹி டோன்ட்"னுதான் விழுந்திருக்கு.