கோத்தகிரி ஏற்றத்தில் மூன்று வருடம்: கோல்ட் ஏர் இன்டேக் அனுபவம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மாதம் நாலைந்து முறை இறங்கி ஏறுகிறவன் நான். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் டர்போ கிடையாது. நான்கு பேர் உட்கார்ந்து ஏசியும் ஓடினால், குஞ்சப்பனை தாண்டிய ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அந்த எரிச்சலில்தான் கோவையில் 9,500 ரூபாய் கொடுத்து ஒரு கோல்ட் ஏர் இன்டேக் மாட்டினேன். குளிர்ந்த, அடர்த்தியான காற்றை இன்ஜினுக்குத் தரும் என்று விற்கப்படும், கூம்பு ஃபில்டர் கொண்ட குழாய் அது. "பத்து குதிரைசக்தி கூடும் அண்ணா" என்றார் கடைக்காரர்.

முதல் வாரம் காலே தரையில் படவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறுமல். கம்பெனிக் குழாயில் காற்று இழுக்கும் சத்தத்தை அடக்க ஒரு ரெசனேட்டர் இருக்கும். அதைக் கழற்றியதால் வந்த உறுமல் அது. "சத்தம்தான் ஏறுகிறது, வண்டி ஏறவில்லையே" என்றாள் மனைவி. எனக்குச் சுருக்கென்றது.

விடிகாலை ஐந்தரைக்கு, ஆள் இல்லாத ஒரே நேர்ச்சாலையில், மூன்றாவது கியரில் 30லிருந்து 60 கிலோமீட்டர் வேகம் வர எத்தனை வினாடி என்று பார்த்தேன். கம்பெனி ஃபில்டர் இருக்கும் பழைய பெட்டியையும் கூம்பு ஃபில்டரையும் மாற்றி மாற்றி மாட்டி அளந்ததில் அரை வினாடிகூட வித்தியாசம் இல்லை. அதுவும் சில நாள் பழையதுதான் முந்தியது.

பிறகு இன்ஜின் சென்சார்களின் அளவுகளைக் காட்டும் ஓபிடி கருவியைச் செருகியபோதுதான் விஷயம் விளங்கியது. பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்கிறோம். வெளியே 19 டிகிரி. இன்ஜினுக்குள் போகும் காற்றோ 47! கூம்பு பானட்டுக்குள் திறந்து கிடப்பதால் ரேடியேட்டர் சூட்டைத்தான் உறிஞ்சுகிறது. கம்பெனிப் பெட்டியின் வாய் ஹெட்லைட் அருகே வெளிக்காற்றைப் பார்த்து இருக்கிறது. அதே ஏற்றத்தில் அதில் 27தான். பம்பருக்குக் கீழே வரை குழாய் போகும் நல்ல கிட்டுகளும் உண்டு. ஆனால் தேங்கிய நீரில் இறங்கினால் அந்தக் குழாய் தண்ணீரையும் உறிஞ்சிவிடும், இன்ஜின் போய்விடும்.

இன்னொன்று எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். மலையில் காற்று ஏற்கெனவே குளிர்ந்துதான் இருக்கிறது, மெலிந்துபோனதுதான் சிக்கல். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு அளவுதான். சமவெளியைவிட 15 டிகிரி குளிர்ந்தாலும் அடர்த்தி சுமார் ஐந்து சதவீதமே மீள்கிறது. மீதியை எந்த ஃபில்டரும் ஈடுகட்டாது. டர்போ ஓரளவு ஈடுகட்டும்.

பராமரிப்பும் தொல்லைதான். எஸ்டேட் மண்பாதைப் புழுதிக்காகக் கூம்பு ஃபில்டரைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் கூடினால், உள்ளே போகும் காற்றின் அளவை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளில் அதன்மேல் படிந்து அளவைக் கெடுக்கும். என் வண்டியில் இருப்பது அழுத்தம் அளக்கும் சென்சார் என்பதால் தப்பித்தேன். மைலேஜும் ஏறவில்லை.

போன மாதம் பழைய பெட்டியையே மாட்டிவிட்டேன். புதுக் காகித ஃபில்டர் போட்டு, ஏற்றத்தில் ஏசியை அணைத்து, சீக்கிரமே இரண்டாவது கியருக்கு இறங்கினால் வண்டி முன்பைவிடச் சுகமாகப் போகிறது. கிட்டை விற்பனைக்கு வைத்தபோது குன்னூர்ப் பையன் ஒருவன் வந்தான். வேகம், மைலேஜ் எதையும் கேட்கவில்லை. "சத்தம் நன்றாக வருமா அண்ணா?" என்றான். வரும் என்றேன், அதில் பொய் இல்லை.