7800எக்ஸ்3டியா, 14700கேயா?

கேம் ஆட மட்டும்தான் கணினி என்றால், ப்ராசஸர்களில் நான் ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி பக்கம். அதில் 8 கோர்தான் (கோர் என்பது ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் அலகு). இன்டெல் கோர் ஐ7 14700கே-யில் 20. ஆனால் அந்த 20-இல் 12 சின்ன கோர்கள், கேமுக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. முக்கியமானது எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்: ரைசனில் 96 எம்பி, இன்டெலில் 33. கேம் அடிக்கடி கேட்கும் தரவு ப்ராசஸருக்குள்ளேயே கிடப்பதால் ரேமுக்கு ஓடுவது குறைகிறது. 14700கே முழு மூச்சில் 253 வாட் வரை இழுக்கும். கூலரும் பெரிதாக வேண்டும்.

சரி, போர்டு? 14700கே-யை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்ட, இசட்790 போன்ற இசட் வரிசை சிப்செட் உள்ள மதர்போர்டு வேண்டும்; பி760 விடாது. எக்ஸ்3டியின் மல்டிப்ளையரோ (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண்) பூட்டியே வருகிறது, அதனால் அதற்கு பி650 போர்டு தாராளம். எக்ஸ்670-இல் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் யுஎஸ்பி, எஸ்எஸ்டி இணைப்புகள்தான். அப்புறம், 2024-இல் வந்த ரைசன் 9000 வரிசை பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டோடு அதே ஏஎம்5 சாக்கெட்டில் (போர்டில் ப்ராசஸர் பொருந்தும் இடம்) ஓடுகிறது. இன்டெல் அதே ஆண்டு சாக்கெட்டையே மாற்றிவிட்டது.

வீடியோ எடிட்டிங்கும் நிறைய உண்டா? அப்போது 14700கே; அங்கே அந்த 20 கோர்களும் உதவும். பழைய தலைமுறை டிடிஆர்4 ரேம் கையில் இருந்தால் அதற்கேற்ற போர்டும் கிடைக்கும். பயாஸை மட்டும் முதல் நாளே புதுப்பித்துவிடுங்கள்.