ஃபிலிம் உறையை வைத்து வால்வு பொருத்த முடியாது

அப்பாவுக்கு இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் இருக்கும் அயோர்டிக் வால்வு கல்லாக இறுகிவிட்டது. நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைக் கொண்டுபோய் வைக்கும் டாவி சிகிச்சைக்காகத்தான் இந்த முறை ஊருக்குப் போனேன். அலைச்சல் அதிகமில்லை, மற்றதெல்லாம் சுமுகமாகவே நடந்தது. சி.டி. ஸ்கேன் விஷயம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

ஸ்கேன் எடுத்ததில் குறையே இல்லை. ஈ.சி.ஜி. ஒயர் ஒட்டி, ரத்தக்குழாய்கள் படத்தில் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி, "மூச்சைப் பிடிங்க ஐயா" என்று பக்குவமாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். மாலையில் அதே பழைய பெரிய உறையைத் தந்தார்கள். உள்ளே ஃபிலிம், ரிப்போர்ட், படங்கள் பதிந்த ஒரு கணினி வட்டு. சின்ன வயதில் ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்போமே, அந்த ஞாபகத்தில் மனம் இளகியது.

மறுநாள் இதய மருத்துவர் அந்த வட்டைப் போட்டுப் பார்த்தார். "இதுல அளக்கவே முடியாதுங்க. எல்லாம் 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு வெட்டின படம். 1 மில்லிமீட்டருக்கும் மெல்லிசா, துடிப்போட எல்லாக் கட்டமும் வேணும்."

வால்வு உட்காரும் வளையம் சரியான வட்டம் கிடையாது, நீள்வட்டம். சாதாரண எக்கோவில் ஒரு குறுக்களவுதான் கிடைக்கும். மெல்லிய சி.டி. ஸ்கேன் படங்களில்தான் பரப்பளவும் சுற்றளவும் தெரியும். அதுவும் இதயம் சுருங்கும் கட்டத்தில் வளையம் பெரும்பாலும் விரிந்து நிற்பதால், அங்கே அளக்கிறார்கள். வால்வு சிறிதாகப் போனால் ஓரத்தில் ரத்தம் கசியும். மிகப் பெரிதாகப் போனால் வளையமே கிழியலாம்.

ஸ்கேன் மையத்துக்குத் திரும்பிப் போனால், கவுண்டரில் இருந்தவர், "எல்லாருக்கும் இதுதான் சார் கொடுக்கிறோம். வேணும்னா மறுபடி எடுத்துக்கலாம்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவுக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏற்கெனவே கொஞ்சம் கூடுதல். எடுத்து முடித்த படத்துக்காக இன்னொரு முறை கான்ட்ராஸ்ட் ஏற்றி, அவர் சிறுநீரகத்தைச் சோதிப்பதா? நான் இருக்கும் நாட்டில் படங்கள் நேராக மருத்துவமனையின் கணினிக்குப் போய்விடும், நோயாளி உறையைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து டெக்னீஷியன் பெண் எட்டிப் பார்த்தார். "ரா டேட்டா இன்னும் மெஷின்லயே இருக்குண்ணா. தானா அழியுறதுக்குள்ள திரும்பப் போட்டுத் தரேன்." ரா டேட்டா என்றால், படமாக மாற்றுவதற்கு முன் கருவி பதிந்து வைத்திருக்கும் மூலத் தகவல். ஷிஃப்ட் முடிந்தும் உட்கார்ந்து, எல்லாக் கட்டங்களையும் மெல்லிய படங்களாக மாற்றி, பென் டிரைவில் ஏற்றி, திறக்கிறதா என்று வேறொரு கணினியில் போட்டும் பார்த்துக் கொடுத்தார். இதையே நான் இருக்கும் நாட்டில் கேட்டிருந்தால், விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள். இப்படி ஒரு மனுஷியை நான் அங்கே பார்த்ததில்லை.

அந்தப் படங்களை வைத்து மருத்துவர் திரையிலேயே காட்டினார். வளையம் 27-க்கு 22 மில்லிமீட்டர். இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் இடது கரோனரி குழாயின் வாய், வளையத்திலிருந்து 14 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10, 12-க்குக் கீழே இருந்தால் புது வால்வு வைக்கும்போது பழைய வால்வின் இதழ் அந்த வாயை அடைத்துவிடும் பயம் உண்டாம். வலது தொடைக் குழாய் சுண்ணாம்பு படிந்து வளைந்து வளைந்து போகிறது. இடது பக்கம் 7 மில்லிமீட்டர், சுத்தமாக இருக்கிறது. அதனால் இடது வழி. சிகிச்சை அறையில் எக்ஸ்ரே கருவியை எந்தக் கோணத்தில் சாய்க்க வேண்டும் என்பதுவரை அதிலேயே கணக்குப் போட்டுவிட்டார்.

டாவிக்காக ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் மேசையில் படுப்பதற்கு முன்பே, "மெல்லிய படங்கள், எல்லாக் கட்டங்களும், டைகாம் வடிவில் (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு வடிவம்) முழுசா வேண்டும்" என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால், மறுபடி எடுக்கச் சம்மதிக்கும் முன் ரா டேட்டா இருக்கிறதா என்று டெக்னீஷியனிடமே அன்றைக்கே கேளுங்கள்.